கணவன் மீதான கொலை மேல்முறையீடு: சந்தர்ப்ப சாட்சிய வினாவை எழுதும் முறை

வீட்டுக்குள் மனைவி இறந்து கிடக்கிறாள். கண்ணால் பார்த்த சாட்சி இல்லை. செஷன்ஸ் நீதிமன்றம் கணவனுக்கு ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டது. மேல்முறையீட்டை முடிவு செய்க. சட்டக் கல்லூரித் தேர்விலும் நீதிபதி பதவிக்கான தேர்விலும் இந்த வகை வினாவைப் பார்த்ததும் கை நேராகப் பழைய சாட்சியச் சட்டத்தின் 106-வது பிரிவுக்குப் போகிறது: ஒருவனுக்கு மட்டுமே சிறப்பாகத் தெரிந்த உண்மையை அவனே நிரூபிக்க வேண்டும் என்ற பிரிவு. "வீட்டுக்குள் நடந்தது அவனுக்குத்தான் தெரியும், அவன் விளக்கவில்லை, ஆகவே குற்றவாளி" என்று அரைப் பக்கத்தில் விடை முடிந்துவிடுகிறது. மதிப்பெண் போவது இங்கேதான். 106 விடையின் கடைசிப் பகுதியில் வர வேண்டிய பிரிவு. அதற்கு முன்னால் அரசுத் தரப்பு தாண்ட வேண்டிய படிகளை நீங்கள் ஒவ்வொன்றாக ஏறிக் காட்ட வேண்டும்.

பயிற்சிக்கு ஒரு மாதிரி வினா. திருவையாறு பக்கத்து கிராமம், தை மாதம், சம்பா அறுவடை முடிந்த நேரம். காலை ஐந்தரைக்குக் கணவன் அலறுகிறான்; மனைவி தரையில் பாயில் இறந்து கிடக்கிறாள். இரவு முழுக்க நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல் குவியலுக்குக் காவல் படுத்திருந்ததாகவும், திரும்பி வந்து பார்த்தபோது இப்படிக் கிடந்ததாகவும், பாம்பு கடித்திருக்கும் என்றும் சொல்கிறான். பிரேதப் பரிசோதனையில் கழுத்தில் விரல் பதிந்த காயங்கள், நாவடி எலும்பு முறிவு. அடுத்த வீட்டுக்காரர் இரவு ஒன்பது மணிக்கு அவனை வாசலில் பார்த்ததாகச் சொல்கிறார். இறந்தவளின் மாமியார் அதே வீட்டில் தூங்கியவர். கோர்ட்டில் பிறழ் சாட்சி, அதாவது முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னவர். நான்காம் நாள் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒப்புதல் வாக்குமூலம். வாய்க்கால் கரையிலிருந்து தாலிச் சங்கிலி கைப்பற்றல். இவ்வளவு போதும், ஒரு முழு மேல்முறையீடு எழுதலாம்.

விடைத்தாளைத் தொடும் முன், வரைவுத் தாளில் மூன்று நெடுவரிசை போடுங்கள்: சந்தர்ப்பம், அதை நிரூபிக்க வந்த சாட்சி (அரசுத் தரப்பு சாட்சி எண், ஆவண எண்), அதில் உள்ள ஓட்டை. 100 மதிப்பெண் தாளுக்கு மூன்று மணி நேரம் என்றால் 20 மதிப்பெண் வினாவுக்கு 36 நிமிடம். அதில் பத்து நிமிடத்தை இந்தப் பட்டியலுக்குக் கொடுப்பது வீண் இல்லை. மூன்றாவது நெடுவரிசை காலியாக இருந்தால் நீங்கள் வினாவை அரசுத் தரப்பு கண்ணால் மட்டும் படித்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

முதல் படி, இறந்தது எப்படி. கொலைதான் என்று நிலைநாட்டாமல் கொன்றது யார் என்ற கேள்வியே எழாது. தூக்கில் தொங்கினால் கயிற்றுத் தடம் பெரும்பாலும் குரல்வளைக்கு மேலே, சாய்வாக, முழுச் சுற்றாக இல்லாமல் இருக்கும். கயிற்றால் நெரித்தால் குறுக்காக, சற்றுக் கீழே, கழுத்தைச் சுற்றி ஓடும். கையால் நெரித்தால் விரல், நகக் காயங்கள், தோலுக்கடியில் ரத்தக்கட்டு. நம் வினாவில் பாம்பு என்ற விளக்கத்தை எளிதாகத் தூக்கி எறிய வேண்டாம். டெல்டாவில் அறுவடைக் காலத்தில் பாம்புக்கடி அன்றாட விஷயம். கட்டுவிரியன் தரையில் தூங்குகிறவரைக் கடித்தால் பல் தடமும் வீக்கமும் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம். ஆகவே "கடித்த தடம் இல்லை, எனவே பொய்" என்று எழுதினால் பாதி வாதம்தான். "கழுத்துக் காயங்கள் உயிரோடு இருக்கும்போது ஏற்பட்டவை, மூச்சுத்திணறலால் மரணம் என்பது மருத்துவர் கருத்து, பாம்புக்கடி இந்தக் காயங்களை விளக்காது" என்று எழுதினால்தான் முழு வாதம். திரிமுக் மரோதி கிர்கான் வழக்கிலும் (2006) பாம்பு கடித்தது என்றுதான் சொன்னார்கள். கழுத்து நெரிபட்டதைப் பிரேதப் பரிசோதனை காட்டியது.

வினாவில் பூச்சிமருந்து வந்தால் வழி வேறு. சரத் பிர்திசந்த் சார்தா தீர்ப்பு (1984) விஷக் கொலைக்கு நான்கு கேள்வி கேட்கிறது: கொல்லத் தெளிவான நோக்கம் இருந்ததா, மரணம் அந்த விஷத்தால்தானா, விஷம் எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவனின்) கைவசம் இருந்ததா, கொடுக்க வாய்ப்பு இருந்ததா. இங்கே மூன்றாவதில்தான் கவனம் வேண்டும். விவசாயி வீட்டில் பூச்சிமருந்து டப்பா இருப்பது வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் கைக்கெட்டும் தூரம். அது கணவன் கைவசம் மட்டும் இருந்ததாக ஆகாது. இறந்தவளே குடித்திருக்கலாம் என்ற வழியும் திறந்தே கிடக்கும்.

இரண்டாம் படி, அந்த நேரத்தில் அவன் அங்கே இருந்தானா. இதுதான் இந்த வகை வழக்கின் உயிர்நாடி. ஒன்பது மணிக்கு வாசலில் பார்த்தது ஒன்பது மணிக்குத்தான் சாட்சி. மரணம் நடு இரவுக்குப் பிறகு என்றால் இடையில் மணிக்கணக்கில் இடைவெளி. உடல் விறைப்பை மட்டும் வைத்து நேரத்தை மணிக்கணக்கில் குறிக்கப் பார்க்காதீர்கள். வெப்பம், உடல்வாகு எல்லாம் அதை மாற்றும். இரைப்பையில் இருந்த உணவு, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்ற சாட்சியம், இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். கொள்முதல் நிலையத்தில் இருந்தேன் என்பது வேறிடவாதம். அதை நிரூபிக்கும் சுமை எதிரிக்குத்தான். பட்டியல் எழுத்தர், சுமைதூக்குபவர், பக்கத்துக் குவியலுக்குக் காவல் படுத்தவர் என்று யாரையாவது அவன் கொண்டு வந்தானா என்று பாருங்கள். ஆனால் வேறிடவாதம் தோற்றுவிட்டது என்பதாலேயே அவன் வீட்டில் இருந்தான் என்று ஆகிவிடாது. வீட்டில் இருந்ததை அரசுத் தரப்பு தன் சாட்சியால் காட்டியே ஆக வேண்டும்.

புதுச் சட்டத்தில் படிப்பவர்கள் இங்கே ஒரு எண் பொறியில் விழுகிறார்கள். பழைய சாட்சியச் சட்டத்தின் 106 இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 109. புதுச் சட்டத்தின் 106 என்பது பழைய 103, அதாவது வேறிடவாதத்தைச் சொல்பவனே அதை நிரூபிக்க வேண்டும் என்ற பிரிவு. வேகத்தில் எண்ணை மட்டும் எழுதினால் வேறு சட்டத்தைச் சொன்னவர் ஆவீர்கள். "பழைய 106 (புதிய 109)" என்று முதல் தடவை எழுதிவிட்டு மேலே போங்கள். கொலைக்கு இந்திய தண்டனைச் சட்டத்தில் 302, புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 103(1). சம்பவம் 1.7.2024-க்கு முன்பா பின்பா என்று வினாவில் முதலில் தேடுங்கள். அதற்கு முன் நடந்த குற்றத்துக்கு இந்திய தண்டனைச் சட்டம்தான்.

மூன்றாம் படி, மற்ற கண்ணிகள். கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நம் மாவட்டத்து வழக்குகளில் அடிக்கடி வருவது. அவர் போலீஸ் இல்லை என்பதால் தடை இல்லை என்று எழுதிவிட்டு நின்றுவிடாதீர்கள். முன்பின் பழக்கமில்லாத அதிகாரியிடம் நான்கு நாள் கழித்து அவன் ஏன் போனான்? சொன்ன வார்த்தைகள் எழுதப்பட்டனவா? அங்கிருந்து எத்தனை மணிக்கு ஸ்டேஷனுக்குப் போனார்கள், கைது காட்டிய நேரத்தோடு அது பொருந்துகிறதா? நீதிமன்றத்துக்கு வெளியே செய்த ஒப்புதல் பலவீனமான சாட்சியம், வேறு ஆதாரம் தேவை என்பதற்கு சகாதேவன் எதிர் தமிழ்நாடு அரசு (2012) நேரடியாகப் பொருந்தும். சங்கிலி கைப்பற்றலில், வாக்குமூலத்தில் எந்த வரி கண்டுபிடிப்புக்கு இட்டுச் சென்றதோ அது மட்டுமே ஏற்கப்படும். "நான்தான் கொன்றேன்" என்ற வரியை அடித்துவிட வேண்டும். 1947-ல் பிரிவி கவுன்சில் சொன்ன புலுகுரி கொட்டய்யா இன்றும் இதற்கு அடிப்படை. வாய்க்கால் கரை எல்லோரும் நடக்கும் இடம் என்பதையும், மகஜர் (கைப்பற்றல் குறிப்பு) சாட்சிகள் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். முதல் தகவல் அறிக்கை நீதித்துறை நடுவர் கைக்கு எந்த நேரத்தில் போனது என்ற குறிப்பு வினாவில் இருந்தால் அது சும்மா கொடுக்கப்பட்டதல்ல.

நோக்கம் பற்றி: நேரடிச் சாட்சி இல்லாத வழக்கில் நோக்கம் கனமான கண்ணி, அது இல்லாதது எதிரிக்குச் சாதகம், ஆனால் அது மட்டுமே விடுதலை தராது. "ஊரில் பேசிக்கொண்டார்கள்" என்பது நோக்கத்துக்குச் சாட்சியம் அல்ல. மனைவி தன் தாயிடம் சொன்னது மரணத்துக்கு இட்டுச் சென்ற சூழலோடு நெருங்கித் தொடர்புடையதாக இருந்தால் இறந்தவர் சொன்னதை ஏற்கும் சாட்சியச் சட்டப் பிரிவு 32(1), புதிய 26(அ), வழியாக உள்ளே வரும். ஏழு ஆண்டுக்குள் திருமணம் என்றால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை அறிக்கையும் இருக்கும். தாய் அங்கே சொன்னதும் கோர்ட்டில் சொன்னதும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள்.

இதன் பிறகுதான் சார்தாவின் ஐந்து விதிகள். ஒப்பிக்காமல், ஒவ்வொன்றையும் உங்கள் பட்டியலோடு கோத்து எழுதுங்கள்: சந்தர்ப்பங்கள் முழுமையாக நிரூபிக்கப்பட வேண்டும், குற்றத்தோடு மட்டுமே ஒத்துப்போக வேண்டும், முடிவானவையாக இருக்க வேண்டும், வேறு எல்லா அனுமானங்களையும் விலக்க வேண்டும், சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். அந்த வழக்கிலும் கணவன்தான் எதிரி. விசாரணை நீதிமன்றம் தூக்கு கொடுத்து, பம்பாய் உயர் நீதிமன்றம் உறுதி செய்து, உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. பொய் விளக்கம் பற்றி அதே தீர்ப்பு சொல்வதை மறக்க வேண்டாம்: மற்றக் கண்ணிகள் நிரூபணமான பிறகே பொய் விளக்கம் கூடுதல் கண்ணியாகச் சேரும், ஓட்டையை அடைக்க அது உதவாது. 313 கேள்வியில், அதாவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313-வது பிரிவில் சாட்சியம் பற்றி நீதிமன்றம் எதிரியிடம் கேட்கும்போது, கேட்கப்படாத சந்தர்ப்பத்தை அவனுக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்பதும் அங்கேயே உண்டு.

இப்போது 106. 1956-ன் சம்புநாத் மெஹ்ரா சொல்வது: இந்தப் பிரிவு அரசுத் தரப்பின் சுமையை இறக்கி வைக்க வந்ததல்ல. படிக்கும்போது தீர்ப்புகளைத் தனித்தனியாகப் படிக்காமல் ஜோடியாகப் படியுங்கள். தண்டனை நின்ற திரிமுக்கை ஒரு பக்கமும், 2021-ல் விடுதலையான நாகேந்திர சாவை மறுபக்கமும் வையுங்கள். இரண்டிலும் மனைவி, இரண்டிலும் கழுத்து நெரிபட்ட மரணம். நாகேந்திர சா வழக்கில் வீட்டில் மற்றக் குடும்பத்தாரும் இருந்தார்கள், சங்கிலியும் முழுமையாகவில்லை. அதனால் கணவன் விளக்காதது மட்டும் போதவில்லை. நம் வினாவில் மாமியார் வீட்டில் தூங்கியது ஏன் முக்கியம் என்பது இப்போது விளங்கும். அவர் பிறழ் சாட்சியானாலும் அவர் அங்கே இருந்த உண்மை மாறவில்லை. இந்த மாதிரி வினாவில் என் முடிவு விடுதலைதான்: கொலை நிரூபணம், நடு இரவில் கணவன் இருந்தது நிரூபணம் இல்லை. கொள்முதல் நிலையத்தில் அவன் அன்றிரவு இல்லை என்று சாட்சி வந்து, பன்னிரண்டு மணிக்கு வீட்டில் சண்டைச் சத்தம் கேட்டதாக இன்னொருவரும் உறுதியாகச் சொல்லியிருந்தால் முடிவைத் திருப்பி எழுதுவேன்.

மேல்முறையீடு என்ற தலைப்பை மறந்து விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு போல எழுதுவதும் அடிக்கடி நடக்கிறது. ஆயுள் தண்டனைக்கு எதிராக உயர் நீதிமன்றத்துக்குப் போக 60 நாள், தூக்கு என்றால் 30 நாள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 374(2), புதிய நடைமுறைச் சட்டத்தில் 415(2). தஞ்சாவூர், திருச்சி மாவட்ட வழக்கு மதுரைக் கிளைக்கும், திருவாரூர், நாகப்பட்டினம் வழக்கு சென்னைக்கும் போகும். காவிரி நாட்டுக்குள்ளேயே இந்தப் பிளவு இருப்பதால் வினாவில் ஊர்ப் பெயர் வந்தால் தலைப்பில் சரியாக எழுதுங்கள். தண்டனைக்கு எதிரான மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் எல்லாச் சாட்சியத்தையும் புதிதாக எடை போடும். விடுதலைக்கு எதிராக அரசு வந்தால் மட்டும் சந்திரப்பா (2007) பொருந்தும்: இரண்டு கருத்துக்கு இடமிருந்தால் விடுதலை நிற்கும். இதை முன்னதில் கொண்டுபோய் ஒட்டாதீர்கள்.

கடைசிப் பத்தி உத்தரவு. "மேல்முறையீடு அனுமதிக்கப்படுகிறது" என்று மட்டும் எழுதி எழுந்துவிட வேண்டாம். செஷன்ஸ் நீதிமன்றத் தீர்ப்பின் தேதியும் வழக்கு எண்ணும், எந்தப் பிரிவின் தண்டனை ரத்தாகிறது என்பதும், கட்டிய அபராதம் திருப்பித் தரப்பட வேண்டும் என்பதும், வேறு வழக்கில் தேவைப்படாவிட்டால் மேல்முறையீட்டாளரை உடனே விடுவிக்க வேண்டும் என்பதும், ஜாமீனில் இருந்தால் பிணைப்பத்திரம் ரத்து என்பதும், சங்கிலி யாரிடம் போக வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.