தெரியும் என்று சொன்னது

அண்ணாச்சி கேட்டது ஒரே கேள்வி. "அது என்னதுன்னு தெரியுமா தம்பி?" நான் "தெரியும் அண்ணாச்சி" என்றேன். தெரியாது.

டவுனில் அவர் கடையின் கணக்குக் கம்ப்யூட்டரை என் லேப்டாப்பிலிருந்து என்மேப் போட்டுப் பார்த்தேன். ஒரு கம்ப்யூட்டரில் எந்தெந்தப் போர்ட், அதாவது நெட்வொர்க்கில் பேச வழிவிடும் எண் போட்ட கதவு, திறந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்கிற புரோகிராம் அது. 135, 445 எல்லாம் வழக்கமாக வருவதுதான். கூடவே 9000 திறந்திருந்தது, பக்கத்தில் 'சிஎஸ்லிசனர்' என்று ஒரு பேர். லிசனர் என்றதும் எவனோ உள்ளே உட்கார்ந்து ஒட்டுக் கேட்கிறான் என்று நானே முடிவு கட்டி, வெளியிலிருந்து வருவதைத் தடுக்கிற ஃபயர்வாலில் அந்தப் போர்ட்டை அடைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

அந்தப் பேர் உள்ளே ஓடுகிற புரோகிராமை விசாரித்து வந்ததில்லை. எந்த எண்ணுக்கு என்ன பேர் பதிவாகியிருக்கிறது என்று என்மேப் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதிலிருந்து எடுத்துப் போடும், அவ்வளவுதான். கதவிலக்கத்தைப் பார்த்துக் குடியிருப்பவர் பேரைச் சொல்கிற கதை. என்மேப்போடு மைனஸ் எஸ்வி என்கிற ஆப்ஷனைச் சேர்த்திருந்தால் கதவைத் தட்டிப் பேச்சாவது கொடுத்துப் பார்த்திருக்கும். அதுகூட வேண்டாம், கம்ப்யூட்டரே என் முன்னால்தான் இருந்தது. நெட்ஸ்டாட் மைனஸ் ஏஎன்ஓ என்கிற கட்டளையை அதில் அடித்தால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் பிஐடி, அதாவது அந்தப் போர்ட்டை வைத்திருக்கிற புரோகிராமின் எண், வரும், அதை டாஸ்க் மேனேஜரில் தேடினால் புரோகிராம் பேரே தெரிந்துவிடும். இரண்டு நிமிஷ வேலை.

அங்கே இருந்தது டேலி, கடைக் கணக்கு எழுதுகிற சாஃப்ட்வேர். அதன் வழக்கமான போர்ட்டே 9000. முன் கவுண்ட்டரில் போடுகிற பில்லெல்லாம் அந்த வழியாகத்தான் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று நாள் எதுவும் ஏறவில்லை. நான் போனபோது கணக்கு அக்கா பில் கட்டின் மேல் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கி, கையால் அடித்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

ஆனால் அடைத்தது தப்பா? கடை வைஃபை பாஸ்வேர்டு சரக்கு இறக்க வருகிறவர்கள் வரைக்கும் தெரியும், அவ்வளவு பேருக்கும் அந்தப் போர்ட் திறந்து கிடந்தது. முன் கவுண்ட்டரை மட்டும் விட்டு மற்றதை அடைத்திருக்க வேண்டும், பிறகு அப்படித்தான் செய்தேன். இப்படிச் சொல்லிக்கொள்ளும்போது நன்றாகத்தான் இருக்கிறது, அன்றைக்கு இதையெல்லாம் யோசித்தா அடைத்தேன்? அண்ணாச்சி ஒரு வார்த்தை திட்டவில்லை, டீ வாங்கிவரச் சொன்னார். திட்டியிருந்தால் எப்போதோ மறந்திருப்பேன்.

போன மாதம் மேலப்பாளையத்தில் ஒரு கடையில் இதே மாதிரி கேட்டார்கள். "தெரியலை, பார்த்துச் சொல்லுதேன்" என்றேன். மறுநாள் வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவர் பார்த்ததுமே தெரியும் என்றாராம்.