கனடாவில் கஞ்சா சாகுபடி படிக்கப் போகிறீர்களா? செடியை விட ஈரப்பதத்தை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள்

ஊரில் பி.எஸ்சி. அக்ரி முடித்தவன் ஒண்டாரியோவில் போய் கஞ்சா உற்பத்தி படித்தான் என்றால் எல்லாரும் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் அதில் நாலு பேராவது தனியாக மெசேஜ் போட்டு, என்ன படிப்பு, எவ்வளவு கஷ்டம், வேலை கிடைக்குமா என்று கேட்பார்கள். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக எழுதி மாளவில்லை, அதனால் எல்லாவற்றையும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

கனடாவில் கஞ்சா சட்டம் 2018 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நயாகரா கல்லூரி வணிகக் கஞ்சா உற்பத்திக்கென்றே ஒரு சான்றிதழ் படிப்பைத் தொடங்கியது, அந்த நாட்டிலேயே அந்த வகையில் அதுதான் முதல். ஏற்கெனவே டிப்ளமோவோ டிகிரியோ முடித்தவர்களுக்கான படிப்பு அது. விவசாயம், தோட்டக்கலை, தாவரவியல் மாதிரி பின்னணி கேட்பார்கள், 19 வயது நிரம்பியிருக்க வேண்டும், போலீஸ் சான்றிதழும் வேண்டும். கல்லூரிகள் இப்போது வருடா வருடம் படிப்புகளைக் கூட்டுவதும் நிறுத்துவதுமாக இருக்கின்றன, அதனால் ஏஜென்ட் சொல்வதை நம்பாமல் இந்த வருடச் சேர்க்கைப் பட்டியலை நீங்களே பாருங்கள். இன்னொன்று, 2024 நவம்பர் 1-க்குப் பிறகு மாணவர் பெர்மிட்டுக்கு விண்ணப்பிப்பவர்கள் கல்லூரிச் சான்றிதழ் படிப்பு முடித்த பின் வேலை பெர்மிட் வாங்க வேண்டுமானால், அந்தப் படிப்பு அரசு அறிவித்த துறைப் பட்டியலில் இருக்க வேண்டும். படிப்பின் குறியீட்டு எண்ணை வாங்கி அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் ஃபீஸ் கட்ட வேண்டும்.

சரி, பாடத்துக்கு வருவோம். இந்தச் செடியின் மேல் ஆசைப்பட்டு வருகிறவர்கள் முதல் செமஸ்டரிலேயே துவண்டுபோவார்கள், ஏனென்றால் செடியைப் பற்றிப் படிப்பது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் வெளிச்சம், காற்றில் இருக்கும் தண்ணீர், அப்புறம் காகிதம். மூடிய கட்டிடத்துக்குள் சூரியனும் இல்லை, மழையும் இல்லை, காற்றும் இல்லை. எல்லாவற்றையும் காசு கொடுத்துத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும், வேண்டாததைக் காசு கொடுத்துத்தான் வெளியேற்றவும் வேண்டும்.

வெளிச்சம் நம் ஊர் அக்ரி மாணவர்களுக்கு எளிதாகவே வரும். கஞ்சா குறும்பகல் செடி, அதாவது இருட்டு நேரம் நீண்டால்தான் பூக்கும், சாமந்தி எப்படியோ அப்படி. ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் சாமந்தித் தோட்டத்தில் ராத்திரி பல்பு எரிவதைப் பார்த்திருந்தால் பாதி பாடம் ஏற்கெனவே தெரியும். வளர்ச்சி அறையில் 18 மணி நேரம் வெளிச்சம், 6 மணி நேரம் இருட்டு. பூ அறையில் 12-க்கு 12, எட்டிலிருந்து பத்து வாரம். அந்த 12 மணி நேர இருட்டு முழு இருட்டாக இருக்க வேண்டும். கதவிடுக்கில் வரும் வெளிச்சமோ ஏதோ கருவியின் சின்ன விளக்கோகூட வம்புதான். பெண் செடியிலேயே ஆண் பூ வந்து விதை பிடித்துவிட்டால் அந்த அறையின் சரக்கு தரம் இறங்கிவிடும். இருட்டு நேரத்தில் உள்ளே போயே தீர வேண்டுமென்றால் மங்கலான பச்சை விளக்கோடு போவார்கள்.

தேர்வில் கட்டாயம் வரும் கணக்கு, ஒரு நாளின் மொத்த ஒளி அளவு. ஒரு சதுர மீட்டருக்கு நொடிக்கு 900 மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு), 12 மணி நேரம் என்றால் 900-ஐ 3600-ஆலும் 12-ஆலும் பெருக்கி, பத்து லட்சத்தால் வகுத்தால் 38.9 மோல். இதில் மார்க்கை விடுபவர்கள் எல்லாம் மணியை நொடியாக மாற்ற மறந்தவர்கள்தான்.

ஈரப்பதம்தான் இந்தப் படிப்பின் உயிர், எனவே இங்கே கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன். பூ அறை 26 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 26 டிகிரியில் காற்று நிறைந்து நிற்கும் நீராவி அழுத்தம் 3.36 கிலோபாஸ்கல், அதில் 60 சதவீதம் 2.02. விளக்கு அணைகிறது, அறை 20 டிகிரிக்கு இறங்குகிறது. 20 டிகிரியில் நிறைவு அழுத்தம் 2.34 மட்டுமே. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் புதிதாகச் சேரவில்லை, ஆனால் 2.02-ஐ 2.34-ஆல் வகுத்துப் பாருங்கள், ஈரப்பதம் 86 சதவீதம். ஏழாவது எட்டாவது வாரத்தில், பூக்கொத்து உள்ளே காற்றுப் புகாத அளவுக்கு இறுகி நிற்கும்போது இது நடந்தால் போட்ரைட்டிஸ் பூஞ்சைக்கு விருந்து. வெளியே பச்சையாக இருக்கும், கொத்தைப் பிளந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் அழுகியிருக்கும்.

அதே எண்களிலேயே இலையின் கணக்கையும் போட்டுவிடுங்கள். காற்று இலையிலிருந்து ஈரத்தை எவ்வளவு இழுக்கும் என்று காட்டும் இந்தக் கணக்குக்கு நீராவி அழுத்தப் பற்றாக்குறை (விபிடி) என்று பெயர். இலை காற்றை விட இரண்டு டிகிரி குளிர்ச்சியாக, 24-இல் இருந்தால் அங்கே நிறைவு அழுத்தம் 2.98. அதிலிருந்து 2.02 போனால் 0.96. காற்றை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் 1.34 வரும். இரண்டுக்கும் நடுவே இவ்வளவு வித்தியாசம் இருப்பதால்தான், சோடியம் விளக்கிலிருந்து எல்ஈடிக்கு மாறிய இடங்களில் பழைய வெப்பநிலையையே வைத்திருந்தவர்களுக்குச் செடி மந்தமானது; எல்ஈடியின் கீழே இலை அவ்வளவு சூடாகாது, அதனால் அறையைக் கொஞ்சம் கூடுதல் சூட்டில் ஓட்ட வேண்டும். கேள்வித்தாளில் இலை வெப்பநிலை கொடுத்திருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள், கொடுத்திருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். பூ அறையில் இந்த விபிடி 1.2-க்கும் 1.5-க்கும் நடுவே இருக்கட்டும் என்பார்கள். செடிக்கு ஊற்றும் தண்ணீரில் வடிந்தது போக மிச்சம் ஏறக்குறைய எல்லாமே இலை வழியாகக் காற்றுக்குத்தான் வருகிறது, அதை மறுபடி காற்றிலிருந்து பிழிந்தெடுக்கும் இயந்திரங்களுக்கு ஆகும் மின்சாரம் விளக்குச் செலவுக்கு அடுத்தபடியாக நிற்கும்.

வேர் பகுதியை வேகமாகத் தாண்டலாம். மண்ணுக்குப் பதில் பாறைக் கம்பளி அல்லது தென்னை நார்க்கழிவு, சொட்டு நீரோடு உரம், பிஹெச் 5.5-இலிருந்து 6.2 வரை, கீழே வடியும் நீரின் உப்பளவையும் அளந்து எழுத வேண்டும். நார்க்கழிவில் பொட்டாசியமும் சோடியமும் ஒட்டிக்கொண்டிருப்பதால் கால்சியம் நைட்ரேட் கரைசலில் அலசிப் பதப்படுத்தித்தான் பயன்படுத்துவார்கள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் இந்த நார்க்கட்டிகள் உலகம் முழுக்கப் போகின்றன, ஆய்வகத்தில் பையைப் பிரிக்கும்போது நமக்கு ஒரு சின்ன கர்வம் வரும்.

நோய்ப் பாடத்தில் எல்லாரும் சிலந்திப் பூச்சியையும் சாம்பல் நோயையும் உருப்போடுகிறார்கள். வைரஸை விடச் சின்ன நோய்க்கிருமியான ஹாப் லேட்டன்ட் வைராய்டை விட்டுவிடாதீர்கள். தாய்ச் செடியிலிருந்து துண்டு வெட்டி வேர்விடச் செய்துதான் எல்லாச் செடியையும் உருவாக்குகிறோம், அதனால் ஒரு தாய்ச் செடியில் இது இருந்தால் அதன் துண்டுகளெல்லாம் நோயோடுதான் போகும், வெட்டும் கத்தியும் அடுத்த தாய்ச் செடிக்குக் கொண்டுபோகும். செடி பார்க்க நன்றாகவே இருக்கும், பூவில்தான் எடையும் வீரியமும் குறையும். பிசிஆர் சோதனை, திசு வளர்ப்பு, செடிக்குச் செடி கத்தியை பிளீச்சில் முக்குவது, இந்த மூன்றையும் எழுதினால் போதும். பூச்சிக்கு மருந்தடிக்கலாம் என்று எழுதிவிட்டு நின்றுவிடாதீர்கள். கஞ்சாவுக்கென்று அரசு பதிவு செய்த பொருட்களைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது, அந்தப் பட்டியலும் சின்னது. அதனால்தான் ஃபைட்டோசியுலஸ் மாதிரி இரைவிழுங்கிப் பூச்சிகளைக் காசு கொடுத்து வாங்கிச் செடிமேல் விடுகிறார்கள்.

அறுவடைக்குப் பிறகு உலர்த்துவதில் நினைவில் வைக்க வேண்டிய எண் நீர்ச் செயல்பாடு, அதாவது பூவில் இருக்கும் நீரில் பூஞ்சை பயன்படுத்தக்கூடியது எவ்வளவு என்பதன் அளவு, 0.55-இலிருந்து 0.65. அதற்கு மேல் போனால் பூஞ்சை, கீழே போனால் நொறுங்கி மணம் போய்விடும். ஈரப்பத சதவீதமும் இதுவும் ஒன்றல்ல, இரண்டையும் குழப்பிக் கேட்பது ஆசிரியர்களுக்குப் பிடித்த வேலை.

அடுத்தது சட்டம். இதைக் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடாதீர்கள், நேரடியாக மார்க் கிடைக்கும் பகுதி இதுதான். லேபிளில் போடும் மொத்த டிஹெச்சி (போதை தரும் வேதிப்பொருள்) கணக்கு கட்டாயம் வரும்: செடியில் இருக்கும் அதன் அமில வடிவத்தை 0.877-ஆல் பெருக்கி, இருக்கும் டிஹெச்சியோடு கூட்ட வேண்டும். அமிலம் 22 சதவீதம், டிஹெச்சி 0.8 சதவீதம் என்றால் விடை 20.1. சூடாகும்போது கார்பன் டை ஆக்சைடு கழன்று மூலக்கூறு எடை குறைவதால்தான் அந்த 0.877, காரணத்தையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். செடியின் வேர் சட்டப்படி கஞ்சாவா என்று ஒரு வில்லங்கக் கேள்வி வரும். இல்லை, வேரும், இலை பூ விதை கிளை எதுவுமில்லாத முதிர்ந்த தண்டும், முளைக்கும் திறனே இல்லாத விதையும் கஞ்சா சட்டத்தின் அட்டவணை 2-இல் விலக்கப்பட்டவை. சீனியர் கொடுக்கும் பழைய குறிப்புகளை மட்டும் நம்ப வேண்டாம். சிறு சாகுபடி உரிமத்துக்கான பரப்பு 200 சதுர மீட்டர் என்று அதில் இருக்கும், 2025 மார்ச்சில் அதை 800 ஆக்கிவிட்டார்கள்.

வேலை விஷயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். சட்டம் வந்த புதிதில் இருந்த பரபரப்பு இப்போது இல்லை. ஸ்மித்ஸ் ஃபால்ஸ் ஊரில் ஹெர்ஷி சாக்லேட் ஆலையாக இருந்த கட்டிடத்தைக் கனோபி குரோத் என்ற நிறுவனம் கஞ்சா ஆலையாக மாற்றி வைத்திருந்தது, 2023-இல் அதை ஹெர்ஷிக்கே திரும்ப விற்றது. உலர் பூவுக்கு கலால் வரி கிராமுக்கு குறைந்தது ஒரு டாலர். மொத்த விலை சரியச் சரிய அதுவே கழுத்தை நெரித்தது. படித்து வெளியே வந்ததும் தலைமைச் சாகுபடியாளர் நாற்காலி காத்திருக்கும் என்று எண்ண வேண்டாம், இலை கழிப்பதிலும் பூ நறுக்குவதிலும்தான் தொடக்கம். தரக் கட்டுப்பாட்டுப் பக்கம் போகிறவர்கள் சீக்கிரம் மேலே ஏறுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் ஒவ்வொரு மாதக் கணக்கும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் மத்திய சுகாதாரத் துறையான ஹெல்த் கனடாவுக்குப் போக வேண்டும், கிராம் கணக்கில் பிசகாமல் எழுதத் தெரிந்த ஆட்களுக்கு எப்போதும் தட்டுப்பாடுதான். அந்தத் திறமை உணவு, மருந்து ஆலைகளிலும் செல்லும். இந்தியாவில் 1985-இன் போதைப்பொருள் சட்டம் இருப்பதால் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்து இந்தச் சான்றிதழை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அமெரிக்க எல்லையிலும் கவனம்: அங்கே மத்தியச் சட்டப்படி இது இன்னும் சட்டவிரோதம், இந்தத் தொழில் சம்பந்தமான பயணம் என்று தெரிந்தால் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பலாம்.

கடைசியாக நேர்காணல். இரவு 2 மணி, நீங்கள் மட்டும் ஷிப்டில், பூ அறையில் ஈரப்பதம் 80-ஐத் தாண்டி அலாரம் அடிக்கிறது, என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். ஏசியைக் கூட்டுவேன் என்று சொல்லிவிடாதீர்கள், மேலே போட்ட கணக்குப்படி குளிரக் குளிர ஈரப்பதம் ஏறத்தான் செய்யும். விளக்கைப் போட்டுப் பார்ப்பேன் என்றால் இருட்டு கெட்டது. பச்சை விளக்கோடு உள்ளே போய், ஈரம் உறிஞ்சும் இயந்திரம் நின்றிருக்கிறதா, அதன் வடிகுழாய் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பேன், விசிறிகள் ஓடுவதை உறுதி செய்வேன், அறையை ஓரிரண்டு டிகிரி சூடாக்குவேன், பிறகு நேரத்தையும் அளவையும் பதிவேட்டில் எழுதித் தரக் கட்டுப்பாட்டு அலுவலருக்குத் தகவல் கொடுப்பேன், காலையில் இறுகிய கொத்துகளைப் பிளந்து பார்க்கச் சொல்வேன் என்று இதே வரிசையில் சொல்லுங்கள். பெரும்பாலும் அடுத்த கேள்வி, எப்போது வேலைக்குச் சேரலாம் என்பதாகத்தான் இருக்கும்.