மாட்யூலர் யூபிஎஸ்: அந்த ஒரு உபரி மாட்யூல் எங்கே போனது?

மாட்யூலர் யூபிஎஸ், அதாவது ஒரே பெட்டிக்குள் பல சிறு யூபிஎஸ் மாட்யூல்கள் சேர்ந்து லோடைப் பகிர்ந்து சுமக்கும் மெஷின், வாங்கிய பலர் "இனி பவர் பிரச்சினையே இல்லை" என்று இருந்துவிடுகிறார்கள். ஆஸ்பத்திரிகளில் இவற்றுக்கு சர்வீஸ் பார்ப்பதுதான் என் வேலை. இந்த மெஷின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஒற்றை யூபிஎஸ்ஸில் இன்வெர்ட்டர் பகுதி கெட்டுப்போனால் மொத்த லோடும் பைபாஸுக்குப் போய்விடும், அதாவது நேரடி ஈபி கரண்டு. ஸ்பேர் வரும்வரை கரண்டு போகாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதைத் தவிர வழியில்லை. மாட்யூலரில் ஒரே ஃப்ரேமுக்குள் 25 கிலோவாட் மாட்யூல்கள் 4, லோடு 60 என்றால் ஆளுக்கு 15 சுமக்கும். ஒன்று ஃபால்ட் ஆனால் மற்ற மூன்றும் அந்த நொடியே ஆளுக்கு 20 எடுத்துக்கொள்ளும். மூன்றே போதும் என்பதால் நாலாவதுதான் உபரி மாட்யூல்.

சமீபத்தில் ஐசியு லோடு ஓடும்போதே ஒரு மாட்யூலை மாற்றினோம். "சார், மானிட்டர் எதுவும் ஆஃப் ஆகாதே?" என்று டியூட்டி சிஸ்டர் வாசலிலேயே நின்றார். "ஆகாது சிஸ்டர்." கெட்டுப்போனதை உருவி, புதியதில் ஃபர்ம்வேர் (உள்ளே ஓடும் மென்பொருள்) வெர்ஷன் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, இரண்டு பேராகத் தூக்கி உள்ளே தள்ளி ஸ்க்ரூவை இறுக்கினோம். ஃபேன் ஒருமுறை இரைந்து அடங்கியது. டிஸ்ப்ளேயில் 20, 20, 20 என்று இருந்தவை மெல்ல இறங்கி, நாலும் 15இல் வந்து நின்றன.

வினை பிறகுதான் வரும். ஒரு புது மெஷின், இரண்டு ஏசி என்று அதே லைனில் ஏற்றிக்கொண்டே போவார்கள். லோடு 82 ஆகும். 100இல் 82தானே என்று யாரும் கவலைப்பட மாட்டார்கள். ஆனால் மூன்று மாட்யூல் சுமக்கக்கூடிய 75ஐத் தாண்டிய அன்றே உபரி மாட்யூல் என்பது இல்லாமல் போய்விட்டது. இப்போது ஒன்று விழுந்தால் மிச்சம் மூன்றும் ஓவர்லோடு. கொஞ்ச நேரம் தாங்கிவிட்டு பைபாஸுக்குத் தள்ளிவிடும். அந்த நேரம் பார்த்து ஈபி போனால் ஐசியு இருட்டுதான். இதற்கு அலாரம் வைக்க வசதி இருக்கும் மெஷின்களில்கூட அதை செட் செய்யாமலே விட்டிருப்பதைப் பார்க்கிறேன். வயிறு எரிகிறது.

பேட்டரி இன்னொரு தலைவலி. மாட்யூல் நாலு இருந்தும், கீழே 12 வோல்ட் பேட்டரி 40 ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த ஒரே ஸ்ட்ரிங்தான் என்றால், அதில் ஒன்று உள்ளே அறுந்து ஓப்பன் ஆனாலே பேக்கப் மொத்தமும் காலி. டிஜி (டீசல் ஜெனரேட்டர்) கிளம்பி லோடு எடுக்கப் பத்துப் பதினைந்து செகண்டு ஆகும், அதைக்கூடத் தாண்ட முடியாது. செலவு கூடினாலும் இரண்டு ஸ்ட்ரிங் கேட்டு வாங்குங்கள். பேட்டரி ரூம் ஏசியை ராத்திரியில் அணைக்காதீர்கள். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் விஆர்எல்ஏ (மூடிய லெட் ஆசிட்) பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

அடுத்த ஏஎம்சி (வருடாந்திர பராமரிப்பு ஒப்பந்த) விசிட்டில் இன்ஜினியரிடம், "இப்போ ஒரு மாட்யூலை எடுத்தா லோடு நிக்குமா?" என்று கேளுங்கள். வாயால் சொன்னால் போதாது, உருவிக் காட்டச் சொல்லுங்கள்.