எழுத்துப் பொறித்த ஓடுகளை ஆய்விதழுக்கு எழுதுவது

நொய்யல் கரையை ஒட்டிய ஒரு பழைய வாழ்விட மேட்டில் எங்கள் குழு அகழ்ந்தெடுத்த, எழுத்தும் குறியீடும் பொறித்த பானை ஓடுகளைப் பற்றிய கட்டுரையை ஒரு பன்னாட்டுத் தொல்லியல் ஆய்விதழுக்கு அனுப்பும் பணி இப்போது கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. குழிகளை மூடியதோடு வேலை முடிந்தது என்றும், கட்டுரை என்பது கண்டெடுத்ததை ஆங்கிலத்தில் எழுதிவிடுவதுதான் என்றும் தொல்லியல் படிக்க வரும் மாணவர்களில் பலர் எண்ணுகிறார்கள். அவர்களுக்காகவும், அகழாய்வுச் செய்திகளை ஆர்வத்தோடு படிக்கும் நண்பர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

அகழாய்வு, திரும்பச் செய்ய முடியாத ஆய்வு. வேதியியல் ஆய்வகத்தில் ஒருவர் செய்ததை இன்னொருவர் வேறோர் ஊரில் மறுபடியும் செய்து பார்க்கலாம். ஒருமுறை தோண்டிய மண்ணடுக்கை யாராலும் மறுபடி தோண்ட முடியாது. குழி இருந்த இடத்தில் எஞ்சுவது பதிவேடும் வரைபடமும் ஒளிப்படமும் எடுத்து வைத்த பொருள்களும் மட்டுமே. ஆகவே, எங்கள் முடிவை ஏற்காத ஒருவர் எங்கள் கட்டுரையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு எங்களோடு வாதிட முடிகிறதா என்பதையே ஒவ்வொரு பத்தியைத் திருத்தும்போதும் கேட்டுக்கொள்கிறேன்.

இதற்கு நம் பக்கத்திலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. அப்போது இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த மார்ட்டிமர் வீலர் 1945இல் புதுச்சேரிக்கு அருகேயுள்ள அரிக்கமேட்டில் அகழ்ந்தார். மறு ஆண்டே, 1946இல், இந்தியத் தொல்லியல் துறையின் ‘ஏன்ஷியன்ட் இந்தியா’ இதழின் இரண்டாம் எண்ணில் அறிக்கை வெளிவந்துவிட்டது. வெட்டுமுக வரைபடங்களும், வகை எண் இட்டு வரைந்த பானை வடிவங்களும் அதில் இருந்தன. உட்புறத்தில் வட்டமாகப் புள்ளி வரிசைகள் கொண்ட ‘ரௌலட்டட்’ வகைத் தட்டுகள் மத்தியதரைக் கடல் நாடுகளின் மரபிலிருந்து வந்தவை என்று அவர் கருதினார். பிற்காலத்தில் நடந்த களிமண் பகுப்பாய்வுகள் அவை இந்தியத் துணைக்கண்டத்திலேயே வனையப்பட்டவை என்று காட்டின. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நடந்த மறு அகழாய்வு அரிக்கமேட்டின் காலவரிசையையே திருத்தி எழுதியது. ஆனாலும் ‘வீலர் வகை 1’, ‘வீலர் வகை 10’ என்றுதான் இன்றும் எல்லோரும் எழுதுகிறோம். அவர் தம் முடிவை மட்டும் சொல்லாமல், முடிவுக்கு ஆதாரமானதை எண்ணிட்டு அச்சில் வைத்துவிட்டுப் போனதால்தான் பின்வந்தவர்கள் அவரை மறுக்கவும் முடிந்தது.

எங்கள் ஓடுகளுக்கு வருகிறேன். கருப்பு சிவப்பு மட்கலத்தின் தோள்பகுதி ஓடு ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் அளவு. அதன் உட்புறத்தில் கருப்பு மையில் அகழாய்வு இடத்தின் குறியெழுத்து, ஆண்டு, குழி எண், அடுக்கு எண், ஆழம் ஆகியவை பொடி எழுத்தில் எழுதப்பட்டு, மை அழியாமலிருக்க மேலே நிறமற்ற பூச்சு பூசப்பட்டிருக்கிறது. இந்தக் குறிப்பும், தொல்பொருள் பதிவேட்டில் அந்த ஓட்டுக்குரிய வரியும், குழிப் பொறுப்பாளரின் நாட்குறிப்பும், வெட்டுமுக வரைபடமும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத ஓடு, அதிலுள்ள எழுத்து எவ்வளவு தெளிவாக இருந்தாலும், அட்டவணையில் தனிப் பிரிவுக்குப் போய்விடும். காலத்தைப் பற்றிய வாதத்தில் அதற்கு இடமில்லை. இந்தச் சரிபார்ப்புதான் எல்லாவற்றிலும் நீண்ட வேலை. இதில் சலிப்படைபவர்கள் கட்டுரையின் மற்ற பகுதிகளில் எவ்வளவு உழைத்தாலும் பயனில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆழத்தை மட்டும் தந்தால் போதாதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. போதாது. பழங்காலத்திலேயே மேலடுக்கிலிருந்து குப்பைக்குழி வெட்டியிருப்பார்கள், உறைகிணறு இறக்கியிருப்பார்கள். எலி வளைகளும் மரவேர்களும் உண்டு. மேலே இருந்த ஒரு ஓடு இவற்றின் வழியே கன்னிமண் (மனிதர் வாழ்ந்த தடயமே இல்லாத அடிமண்) வரை இறங்கிவிட முடியும். ஒரே ஆழத்தில் அருகருகே கிடைத்த இரண்டு ஓடுகளில் ஒன்று அடுக்கைச் சேர்ந்ததாகவும் மற்றொன்று அந்த அடுக்கை வெட்டிய குழியைச் சேர்ந்ததாகவும் இருக்கலாம். எனவே எங்கள் அட்டவணையில் ஆழத்துக்கு முன்னால் அடுக்கு எண் வருகிறது. குழிக்குள் கிடைத்தவை, குழி எந்த அடுக்கிலிருந்து வெட்டப்பட்டது என்ற குறிப்போடு வருகின்றன.

அடுத்தது எழுத்தைப் பற்றிய விவரிப்பு. ஈரக் களிமண்ணில், சுடுவதற்கு முன் கீறியிருந்தால், கோட்டின் இரு கரையிலும் மண் சற்று மேலெழும்பி நிற்கும். கோட்டின் அடி வழுவழுப்பாக இருக்கும். சுட்ட பிறகு கூர்முனையால் கீறியிருந்தால், விளிம்பு பொரிந்து, மேற்பூச்சு உடைந்து, உள்மண்ணின் நிறம் தெரியும். முன்னது வனைந்தவர் கையிலிருக்கும்போதே எழுதப்பட்டது. பின்னது பானையைப் பயன்படுத்தியவர் எழுதியதாக இருக்கும் வாய்ப்பு அதிகம். எழுத்தறிவு யாரிடம் இருந்தது என்று பேசப்போகும் கட்டுரையில் இந்த வேறுபாட்டை ஒவ்வொரு ஓட்டுக்கும் குறிப்பிடாமல் விடுவது பெருங்குறை. மண்வெட்டியோ கொத்துக் கரண்டியோ பட்ட புதுக் கீறல் வேறு உண்டு. அதன் பள்ளத்தில் பழைய மண் படிந்திருக்காது. இவற்றைப் பிரித்துக் காட்டுவதற்காகவே ஒவ்வொரு ஓட்டையும் பல திசைகளிலிருந்து சாய்வொளி பாய்ச்சிப் படம் எடுத்திருக்கிறோம். ஒரே திசை ஒளியில், அதற்கு இணையாக ஓடும் கோடு மறைந்துபோகும்.

வாசிப்பிலும் அதே கண்டிப்பு வேண்டும். உடைந்த விளிம்பை ஒட்டி ‘தன்’ என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் எஞ்சிய ஓர் ஓடு இருக்கிறது. அது ஆதனா, சாத்தனா, பூதனா என்று சொல்ல ஓட்டில் எதுவும் இல்லை. சங்க இலக்கியத்தில் தோய்ந்த மனம் உடனே ஒரு பெயரை நிரப்பப் பார்க்கும். கட்டுரையில் அந்த இடத்தில் புள்ளிகள்தான் வரும். தெளிவான எழுத்து அப்படியே, ஐயத்துக்குரிய எழுத்து அடைப்புக்குள், அழிந்த எழுத்து புள்ளியாக என்ற கல்வெட்டியல் மரபைப் பானை ஓட்டுக்கும் விடாமல் கடைப்பிடிக்கிறோம். நிரப்பிய பெயர் ஒருமுறை அச்சேறிவிட்டால் அடுத்த கட்டுரைக்காரர் அதைச் சான்றாகவே எடுத்துக்கொள்வார்.

கோட்டோவியங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடுக்கோட்டின் ஒரு பக்கம் வெட்டுமுகம், மறுபக்கம் வெளித்தோற்றம், ஒளி மேல் இடப்பக்கத்திலிருந்து விழுவதாக நிழற்புள்ளி, எல்லாவற்றிலும் அளவுகோல். இதழின் பக்க அகலத்துக்குச் சுருங்கும்போது மெல்லிய கோடுகள் காணாமல் போகாத அளவுக்குக் கோட்டின் தடிமன் இருக்க வேண்டும். படத்தலைப்பில் ‘1:4’ என்று எழுதுவதைவிடப் படத்துக்குள்ளேயே செ.மீ. அளவுகோல் வைப்பது பாதுகாப்பானது, ஏனென்றால் அச்சில் எந்த அளவுக்குச் சுருக்கினாலும் அதுவும் கூடவே சுருங்கும்.

கட்டுரையை வெளியிடலாமா என்று இதழுக்குச் சொல்லும் மதிப்பீட்டாளர்கள் முதலில் தேடிப் படிப்பது, கரி, தானியம் போன்றவற்றில் எஞ்சிய கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயதைக் கணிக்கும் கரிமக் காலக்கணிப்புப் பகுதியைத்தான். பிராமி எழுத்துக்குக் காலம் உறுதியாகத் தெரிந்த பழைய சான்றுகளான அசோகன் கல்வெட்டுகள் கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதற்கு முந்தைய அடுக்கிலிருந்து தமிழி (தமிழ் பிராமி) எழுத்துள்ள ஓடு கிடைத்தது என்று எழுதினால், உலகின் எந்த மூலையிலிருக்கும் வல்லுநரும் அந்த வாக்கியத்தின் கீழே உள்ள மண்ணைக் கேட்பார். கேட்பது அவர் கடமை. அதனால் ஒவ்வொரு மாதிரிக்கும் ஆய்வகம் தந்த எண், மாதிரி என்ன பொருள், எந்த அடுக்கு, ஆய்வகம் தந்த அளவுத்திருத்தத்துக்கு முந்தைய வயதும் அதன் பிழை வரம்பும், எந்தத் திருத்த வளைகோட்டை (ஆய்வக வயதை நாட்காட்டி ஆண்டாக மாற்றித் தரும் கோட்டை) எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில் பயன்படுத்தினோம் என்ற விவரம் எல்லாம் தரப்பட வேண்டும். ‘இன்றைக்கு முன்’ என்று ஆய்வக அறிக்கை சொல்லும் வயது 1950ஆம் ஆண்டிலிருந்து பின்னோக்கி எண்ணப்படுவது. அதிலிருந்து 1950ஐக் கழித்து நேராகக் கி.மு. ஆண்டு என்று எழுதக் கூடாது. ‘இன்ட்கேல்20’ வளைகோட்டைக் கொண்டு திருத்திய பிறகே அது நாட்காட்டி ஆண்டாகும். வளைகோட்டின் பெயரைக் கட்டாயம் எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு: 2013இல் வந்த வளைகோட்டின் இடத்தை 2020இல் வந்தது எடுத்துக்கொண்டதைப் போல, இதன் இடத்துக்கும் இன்னொன்று வரும். மூல வயது அச்சில் இருந்தால்தான் வருங்காலத்தில் ஒருவர் அதைப் புதிதாகத் திருத்திக்கொள்ள முடியும்.

தமிழ்நாட்டு அகழாய்வுகளுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரையான காலத்தில், வளிமண்டலத்திலிருந்த கதிரியக்கக் கரிமத்தின் அளவு மாறிய விதத்தால், திருத்த வளைகோடு பெரும்பாலும் படுத்துக் கிடக்கிறது; அதாவது, வெவ்வேறு நாட்காட்டி ஆண்டுகளுக்கு ஏறத்தாழ ஒரே ஆய்வக வயதே கிடைக்கிறது. ஐரோப்பியத் தொல்லியலாளர்கள் இதை ஹால்ஸ்டாட் மேடை என்கிறார்கள். ஆய்வகம் 2450 என்ற வயதை 30 ஆண்டுப் பிழை வரம்போடு தந்தால், திருத்திய பிறகு 95.4 விழுக்காட்டு உறுதியில் கிடைப்பது சுமார் கி.மு. 750 முதல் 410 வரை நீளும் ஒரு பரப்பு. நம் எழுத்தின் தொடக்கத்தைப் பற்றிய கேள்விகளெல்லாம் இந்தப் பரப்புக்குள்ளேயே விழுகின்றன. பத்திரிகைச் செய்தியில் ஒற்றை ஆண்டு வரும். ஆய்விதழில் பரப்பு முழுவதும் வர வேண்டும். பரப்பைக் குறுக்கவும் வழி இருக்கிறது: மேலடுக்கு, நடு அடுக்கு, கீழடுக்கு என வரிசையாகப் பல மாதிரிகளை எடுத்து, எது எதற்கு முந்தியது என்ற தகவலையும் ‘ஆக்ஸ்கேல்’ மென்பொருளுக்குக் கொடுத்தால், சாத்தியமில்லாத ஆண்டுகள் புள்ளியியல் கணக்கில் விலகிவிடும். அதற்கும் அடுக்கு எண்ணே அடிப்படை.

மாதிரி எது என்பதும் முக்கியம். பெரிய மரத்தின் நடுவைரத்திலிருந்து வந்த கரி, அடுப்பெரித்த நாளைவிடப் பல பத்தாண்டுகள் பழைய காலத்தைக் காட்டலாம். ஓராண்டுப் பயிரின் தானியத்தில் அந்தச் சிக்கல் இல்லை. பழநிக்கு அருகே பொருந்தலில் கா. ராஜன் அகழ்ந்த ஈமச்சின்னத்தின் வலிமை இங்கேதான் இருக்கிறது. அங்கே காலக்கணிப்புக்குப் போனவை நெல்மணிகள். நான்குகால் சாடி ஒன்றுக்குள் இருந்தவை. அதே ஈமச்சின்னத்துக்குள்தான் ‘வயர’ என்று எழுதிய பிரிமணையும் (பானையை நிறுத்தி வைக்கும் வளையத் தாங்கி) கிடைத்தது. கி.மு. 490 என்று அறிவிக்கப்பட்ட அந்தக் காலத்தைப் பற்றி விவாதம் நடந்தாலும், நெல்லும் எழுத்தும் ஒரே மூடிய இடத்தைச் சேர்ந்தவை என்ற பிணைப்பு அதற்கு உண்டு. ஈழத்தில் அநுராதபுரத்தில் கிடைத்த பிராமி ஓடுகளைப் பற்றி இராபின் கன்னிங்ஹாமும் உடனாய்வாளர்களும் 1996இல் கேம்பிரிட்ஜ் தொல்லியல் ஆய்விதழில் எழுதிய கட்டுரையும், ஓடுகளை அடுக்கு வரிசையோடும் கரிமக் கணிப்புகளோடும் சேர்த்து வைத்து, அவற்றின் தொடக்கத்தைக் கி.மு. 4ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுசென்றது. எங்கள் கட்டுரையின் அட்டவணையை வடிவமைக்கும்போது இந்த இரண்டையும் மேசையில் விரித்து வைத்திருந்தோம்.

இடத்தின் அமைவை எவ்வளவு துல்லியமாகத் தருவது என்பதில் குழுவுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. அகழ்ந்த மேட்டின் அட்சரேகை, தீர்க்கரேகையைத் தருகிறோம். ஆனால் சுற்றுவட்டாரக் கள ஆய்வில் கண்ட, எந்தக் காவலும் இல்லாத பழைய ஈமச்சின்னங்களான கல்வட்டங்களையும் கற்பதுக்கைகளையும் வருவாய்க் கிராமத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம். புதையல் தேடுபவர்களும் கல் உடைப்பவர்களும் எத்தனையோ ஈமக்காடுகளை அழித்திருக்கும் ஊரில், துல்லியமான புள்ளியை இணையத்தில் வைப்பது சரியல்ல. ஆராய்ச்சிக்காகக் கேட்பவர்களுக்குத் தனியே தரப்படும் என்ற வரி கட்டுரையிலேயே இருக்கும்.

மீதமுள்ளவை இதழின் நெறிமுறை சார்ந்தவை: சொல் வரம்பு, சுருக்கம், திறவுச்சொற்கள், துணைநூற்பட்டியலின் அமைப்பு. மதிப்பீட்டாளருக்கு எங்கள் பெயர் தெரியாதிருக்க, ‘எங்கள் முந்தைய கட்டுரையில்’ போன்ற தொடர்களை மாற்ற வேண்டும். கோப்பின் பண்புகளில் ஒளிந்திருக்கும் பெயரையும் நீக்க வேண்டும். ‘மிகத் தொன்மையான’, ‘முதன்முதலாக’ ஆகிய அடைமொழிகளைத் தேடித் தேடி எடுத்திருக்கிறேன். அட்டவணை அதைச் சொல்லுமானால் வாசகரே சொல்லிக்கொள்வார்.

நன்றியுரையில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. குழியில் இறங்கி, தென்னந்துடைப்பமும் சிறு கரண்டியும் கொண்டு மண்ணை அடுக்கடுக்காக நீக்கியவர்கள் அந்த ஊர்ப் பெண்களும் ஆண்களும்தான். மண்ணின் நிறம் மாறுவதை மாணவர்களுக்கு முன்பே கண்டு நிறுத்தச் சொன்னவர்கள் அவர்களில் பலர். ‘உள்ளூர்த் தொழிலாளர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லில் அவர்களை அடக்கக் கூடாது என்று கேட்டு, இசைந்தவர்களின் பெயர்கள் முழுவதையும் பின்னிணைப்பில் சேர்த்திருக்கிறோம்.

ஒரே ஆய்வை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது என்பதால் தமிழ் வடிவம் காத்திருக்கிறது. ஆங்கிலக் கட்டுரை வெளிவந்து, பதிப்பாளரின் ஒப்புதலும் கிடைத்த பின், தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இதழுக்கு அதைத் தமிழில் அனுப்புவதாக இருக்கிறோம். ஓடுகளின் அட்டவணையும் கோட்டோவியங்களும் எதுவும் குறையாமல் அதிலும் இடம்பெறும்.