பிடிக்குமா என்ற கேள்வி

"பிடிக்குமா அண்ணா?" என்று தன் சைக்கிளின் பிரேக்கைப் பற்றி அவர் கேட்டார். "பிடிக்கும்" என்று நான் சொன்னேன். இரண்டுக்கும் இடையில் ஒரு நொடிகூடக் கழிந்திருக்காது. அந்த ஒரு சொல்லுக்காக என்னை நானே கூண்டில் ஏற்றுவதும், பிறகு நானே வாதாடி விடுவிப்பதுமாக ஒன்றரை ஆண்டு ஓடிவிட்டது.

பின் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், அதாவது அச்சருகே உள்ள தகட்டைக் கவ்வும் பிரேக், போட வேண்டும் என்றுதான் அவர் என் சைக்கிள் பட்டறைக்கு வந்தார். சக்கரத்தின் விளிம்பு வளையமான ரிம்மையே எண்ணெய் அழுத்தத்தால் கவ்வும் ஹைட்ராலிக் ரிம் பிரேக்கே போதும் என்று அவர் மனத்தை மாற்றியவன் நான். அதற்கு என்னிடம் காரணங்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. சாதாரண சைக்கிளில் பிரேக்கின் வேலை வேகத்தைக் குறைப்பது. அவர் ஓட்டுவது டிரையல்ஸ், கல், சுவர் போன்ற தடைகளின் மேல் சைக்கிளோடு தாவி ஏறும் விளையாட்டு. அதில் குறைப்பதற்கு வேகமே கிடையாது. காலைத் தரையில் ஊன்றாமல், ஒரு கல்லின் விளிம்பில் பின் சக்கரத்தின் மேல் மட்டும் நின்றுகொண்டு அடுத்த கல்லுக்குத் தாவுகிறவருக்கு, ஒற்றை விரல் இழுத்த கணத்தில் சக்கரம் அறைந்த ஆணியைப் போல நிற்க வேண்டும். விரல் தளர்ந்த கணத்தில் விட்டுவிடவும் வேண்டும். 26 அங்குலச் சக்கரத்தில் ரிம் பிரேக்கின் பேட், அதாவது உரசிப் பிடிக்கும் கட்டை, அச்சிலிருந்து ஏறத்தாழ 27 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கிறது. 160 மில்லிமீட்டர் டிஸ்க்கில் அந்தத் தொலைவு 7 சென்டிமீட்டர் சொச்சம்தான். ஆகவே அதே பிடியைத் தருவதற்கு டிஸ்க் கிட்டத்தட்ட நான்கு மடங்கு விசையோடு கவ்வியாக வேண்டும். நல்ல டிஸ்க் கவ்வத்தான் செய்கிறது. ஆனால் அந்த விசை சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பையும் ஸ்போக்குகளையும் கடந்து ரிம்முக்குப் போய்ச் சேர்வதற்குள் ஸ்போக்குகள் சற்றே முறுக்கிக்கொள்கின்றன, டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பருக்குள் பேட் ஒரு மயிரிழை நகர்கிறது, பூட்டிய சக்கரம் முன்னும் பின்னும் லேசாக அசைவது பெடலில் நிற்கும் பாதத்துக்குத் தெரிகிறது. 1987-இல் மகுரா நிறுவனம் கொண்டுவந்த ஹைட்ராலிக் ரிம் பிரேக் வகையை, மற்ற சைக்கிள்காரர்கள் பெரும்பாலும் டிஸ்க்குக்கு மாறிய பிறகும் டிரையல்ஸ்காரர்களில் பலர் விடாமல் வைத்திருந்ததற்கு அதில் இந்த அசைவு இல்லாததே காரணம். இத்தனையையும் அவருக்கு விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

சொல்லாமல் விட்டதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

வழவழப்பான ரிம் அப்படிப் பிடிக்காது. பேட் உரசும் பக்கச் சுவரை ஆங்கிள் கிரைண்டரால் சுற்றிலும் குறுக்குக் கீறல்களாகக் கிழித்துச் சொரசொரப்பாக்க வேண்டும். தேய்ந்த அம்மியைக் கொத்துவது போன்ற வேலை என்பதால், பட்டறையில் நான் இதைக் கொத்துவது என்றுதான் சொல்வேன். கிரைண்டரின் வட்டத்தகட்டை ரிம்மின் மேல் அழுத்தக் கூடாது. தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். கீறல்கள் நெருக்கமாகவும் ஒரே ஆழத்திலும் விழுந்துவிட்டால் நகத்தை வைத்து இழுக்கும்போது அரம் போல இருக்கும். அவருடைய ரிம் ஏற்கெனவே இரண்டு முறை கொத்தப்பட்டிருந்தது, சுவர் மெலிந்திருந்தது. அதனால் நான் மேலோட்டமாகவே கொத்தினேன். இன்னும் ஆழமாகப் போயிருந்தால் ஈரத்திலும் ஓரளவு கடித்திருக்கும், ஆனால் ரிம்மின் ஆயுள் குறைந்திருக்கும். இந்தக் கணக்கை என் மனத்துக்குள்ளேயே போட்டு முடித்துவிட்டேன். பிறகு பிரேக் குழாயில் காற்றில்லாமல் எண்ணெய் மாற்றி, பேட் முழுப் பரப்பும் ரிம்மில் படியும்படி வைத்துப் பூட்டி, அவரை ஏறி நிற்கச் சொன்னேன். பின் சக்கரத்தில் நின்று மூன்று முறை குதித்தார். இம்மியும் அசையவில்லை. அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான்காம் நாள் காலை, பனி காயாத புல்வெளியைக் கடந்துபோய், இடுப்பளவு உயரமுள்ள ஒரு சுவரின் விளிம்பில் ஏறியிருக்கிறார். பின் சக்கரம் ஒரு சாண் நீளத்துக்கு உருண்டிருக்கிறது. சைக்கிள் முன்னால் ஓட, அவர் பின்னால் சரிந்து, ஊன்றிய கையின் மணிக்கட்டு முறிந்தது.

ஈரத்தில் ரிம் பிரேக்கின் பிடி குறையும் என்பது டிரையல்ஸ் ஓட்டுகிற எவருக்கும் தெரியும், இரண்டு ஆண்டு அனுபவமுள்ள அவருக்கும் தெரிந்திருக்கும், ஆகவே அதைத் தனியாகச் சொல்வது அவரைச் சிறுபிள்ளையாக நடத்துவதாகும் என்பது என் தரப்பின் முதல் வாதம். டிஸ்க்கும் குற்றமற்றதல்ல, சங்கிலி எண்ணெய் ஒரு துளி தெறித்தாலும் பேட்டைத் தூக்கி எறிய வேண்டியதுதான் என்பது இரண்டாவது. இரண்டும் உண்மை. ஆனால் அவர் என்னிடம் கேட்டது ரிம் பிரேக்குகளைப் பற்றிய பொதுவான கேள்வி அல்ல. என் கையால் கொத்தி, என் கையால் பூட்டிய இந்தப் பிரேக் பிடிக்குமா என்று கேட்டார்.

அவர் விழுந்த பிறகு அந்தச் சைக்கிள் என் பட்டறைக்கு வந்தபோது நன்றாகக் காய்ந்திருந்தது. லீவர் கல்லாக இருந்தது. பலம் கொண்ட மட்டும் தள்ளியும் சக்கரம் நகரவில்லை. என் வேலையில் குறையில்லை என்று ஒரு கணம் மகிழ்ந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். பிறகு ஒரு துணியை நனைத்து ரிம்மைச் சுற்றித் துடைத்துவிட்டு மறுபடி தள்ளினேன். சக்கரம் வழுக்கி, கால் சுற்று உருண்டு, அதன் பிறகே கவ்வியது. கீறல்களுக்குள் பேட்டின் துகள் கறுப்பாகப் படிந்திருந்தது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை ஆண்டுகளில் ஒரு சைக்கிளைக் கொடுத்தனுப்பும் முன் இதை ஒருமுறையும் செய்து பார்த்ததில்லை.

இன்னொன்றும் உறுத்துகிறது. ரிம் பிரேக்கை நான் பரிந்துரைத்தது அந்த 27 சென்டிமீட்டர் கணக்குக்காகத்தானா, அல்லது கொத்துவது எனக்குக் கைவந்த வேலை என்பதாலா? போட்டிகளில் இன்று பலர் இரு சக்கரங்களிலும் டிஸ்க்கோடுதான் இறங்குகிறார்கள். அவர்கள் யாரும் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர்.

அதற்குப் பிறகு என் பதில் நீண்டுவிட்டது. யார் கேட்டாலும், காய்ந்திருந்தால் பிடிக்கும், நனைந்திருந்தால் ஏறும் முன் துடைத்துப் பாருங்கள், பேட் படிந்து பழகும் வரை உயரத்துக்குப் போகாதீர்கள் என்று அடுக்குகிறேன். இதுதான் நேர்மையான பதில் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அப்படிக் கேட்டுப் போன ஒருவர் பழகும் இடத்தில் தாவுவதை ஒருநாள் நின்று பார்த்தேன். தாவும் முன் லீவரை நாலைந்து முறை இழுத்துப் பார்த்தார். பிறகு அரைமனத்தோடு தாவி, விளிம்பில் சக்கரம் சரியாக ஏறாமல் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். பிரேக் பிடித்துத்தான் இருந்தது. அவருக்கு அதன் மேல் நம்பிக்கை வரவில்லை. முழு மனத்தோடு தாவுகிறவருக்கே சக்கரம் விளிம்பில் ஏறுகிறது. அந்த மனத்தைக் கெடுக்காத ஒரு சொல்லைத்தான் எல்லாரும் என்னிடம் கேட்கிறார்களோ என்னவோ. அப்படியானால் அன்று நான் சொன்ன ஒற்றைச் சொல் சரியா? இந்த வாதத்தை நினைக்கும்போதெல்லாம், இது எனக்கு வசதியாக இருப்பதாலேயே இதை நம்ப அச்சமாக இருக்கிறது.

கை சேர்ந்த பிறகு அவர் மறுபடி வந்தார். கோபமாக ஒன்றும் பேசவில்லை. "டிஸ்க்கே போட்டுடுங்க அண்ணா" என்று மட்டும் சொன்னார். போட்டேன். புது பேட்டைப் பழக்குவதற்கு நானே பட்டறைக்கு வெளியே முப்பது நாற்பது முறை ஓட்டி நிறுத்தினேன், நனைத்தும் பார்த்தேன். கொடுக்கும்போது சொல்ல வேண்டிய பதிலைத் தயாராக வைத்திருந்தேன், நீளமாகவும் இல்லாமல் ஒற்றைச் சொல்லாகவும் இல்லாமல். அவர் லீவரை ஒருமுறை இழுத்தார், சக்கரத்தைத் தள்ளிப் பார்த்தார், தலையசைத்தார், ஏறிப் போய்விட்டார். ஒன்றும் கேட்கவில்லை.