சவர்க்காரம்

மன்னார் பேசாலையில் எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் உறைந்து நான் பார்த்ததில்லை. வேலூருக்கு வந்த முதல் மார்கழியில் ஒரு விடிகாலை, அம்மா போத்தலைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டும் விழவில்லை. "எண்ணெய் கட்டியாப் போச்சு மோனே" என்று போத்தலை அடுப்போரம் கொண்டுபோய் வைத்தார். சூடு 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தேங்காய் எண்ணெய் உறையும். இன்றைக்கு என் தொழிலே அதுதான்: ஓட்டல் சமையல்கட்டுத் தண்ணீரில் மிதந்து உறையும் கொழுப்பை எடுத்து வெளியேற்றுவது.

நாங்கள் வந்தது 1990ல். எனக்கு 14 வயது. தலைமன்னார்ப் பக்கம் இரவில் வள்ளம் ஏறினோம், விடியும்போது இராமேசுவரம் தெரிந்தது. மண்டபம் அகதி முகாமில் பெயர் பதிந்துவிட்டு வடக்கே வேலூர்ப் பக்கத்து முகாமுக்கு அனுப்பினார்கள். கடலை விட்டு அவ்வளவு தூரம் போனது அதுதான் முதல் தடவை. பாலாற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது அப்பா எட்டிப் பார்த்து "ஆறு எங்க?" என்று கேட்டார். கீழே மணல்தான் கிடந்தது.

அதே பாலாற்றங்கரையில் கண்டியின் கடைசி அரசர் விக்கிரம ராஜசிங்கனின் சமாதி இருக்கிறது. 1815ல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, மறு வருஷம் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டு, 1832ல் இங்கேயே இறந்தவர். அவருக்கு முத்துமண்டபம் எழுப்பியது 1990ல், நாங்கள் கரையேறிய வருஷம். முதல் தடவை போனபோது அங்கேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பேச்சும் தமிழ், எழுத்தும் தமிழ். ஆனாலும் கடைக்குப் போய் "ஒரு சவர்க்காரம் தாங்கோ" என்று கேட்டால் கடைக்காரர் விழித்தார். "இன்னாபா கேக்கற?" பின்னால் நின்ற ஒரு அம்மாதான், "சோப்பு கேக்கறான் நைனா, சிலோன்கார புள்ள" என்று எடுத்துச் சொன்னார். அன்றிலிருந்து கடையில் சோப்பு, வீட்டில் சவர்க்காரம்.

முகாமில் ஆண்பிள்ளைகள் பலருக்கும் பெயின்ட் வேலைதான். நானும் பிரஷ் பிடித்தேன். அதிகாரிகள் ஆள் கணக்கெடுக்கும் செக்கிங் நாளில் முகாமில் நிற்க வேண்டும், அதனால் நிரந்தர வேலைக்கு யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆம்பூரில் ஒரு பிரியாணி ஓட்டலுக்கு வெள்ளையடிக்கப் போயிருந்தபோது சமையல்கட்டு சிங்க் எதிர்த்து வந்து தரையெல்லாம் தண்ணீர். பிளம்பர் வரவில்லை. முதலாளி பாய் என்னைப் பார்த்து, "தம்பி, தண்ணி போவ மாட்டேங்குது, அந்த சேம்பர் மூடிய கொஞ்சம் தூக்கிப் பாரேன்" என்றார். பின்பக்கம் போய்க் கடப்பாரையால் நெம்பினேன். மூடிக்குக் கீழே தண்ணீரையே காணோம். வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு பாறை. கரண்டியால் குத்தினால் கரண்டி நின்றது.

அன்றைக்குச் சாயந்தரம் அம்மா என்னை வாசலோடு நிறுத்தி, "உடுப்பைக் குழாயடியில கழட்டிப் போட்டுட்டு வா" என்றார். கையில் இருந்த கூலி பெயின்ட் கூலியைப் போல் இரண்டு பங்கு. மறுநாளும் போனேன்.

கிரீஸ் ட்ராப் என்று இப்போது கட்டும் ஓட்டல்களில் சொல்கிறார்கள். பழைய இடங்களில் சேம்பர்தான். அமைப்பு எளிது. சிங்க் தண்ணீர் ஒரு பக்கம் உள்ளே வருகிறது. நடுவில் ஒரு தடுப்பு வேகத்தைக் குறைக்கிறது. நிதானமாக நிற்கும் தண்ணீரில் கொழுப்பு லேசானதால் மேலே வரும், சோறும் எலும்புத் துணுக்கும் அடியில் உட்காரும். நடுவில் இருக்கும் தண்ணீர் மட்டும் டீ (T) வடிவக் குழாய் வழியாகச் சாக்கடைக்குப் போகும். அந்தக் குழாயின் வாய் தண்ணீருக்குள் முங்கி இருப்பதால் மேலே மிதப்பது அதற்குள் நுழையாது. தண்ணீர் நிற்க நேரம் கொடுத்தால் போதும், வேலை தானே நடக்கும்.

இதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. அடைப்பு என்றால் கரைத்துத் தள்ள வேண்டும் என்றுதான் நினைத்தேன். வேலூரில் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தங்கும் சந்து ஒன்றில் ஒரு ஓட்டல். சேம்பரில் காஸ்டிக் சோடாவைக் கொட்டி, இரண்டு அண்டா கொதிநீர் ஊற்றினேன். கொழுப்பு உருகிச் சரசரவென்று போனது. முதலாளிக்குச் சந்தோஷம், எனக்கும்தான். மூன்றாம் நாள், அந்தச் சந்தின் கடைசியில் ஒரு டீக்கடை வாசலில் ஆள்நுழைவுக் குழி பொங்கிவிட்டது. கடைக்கார அக்கா விளக்குமாற்றோடு நின்றிருந்தார். என்னைத் திட்டக்கூட இல்லை. "இப்டி ஆயிடுச்சே" என்று மட்டும் சொன்னார். நீண்ட கம்பி விட்டு இழுத்தோம். சாம்பல் நிறத்தில், சுண்ணாம்புக் கட்டி மாதிரி துண்டு துண்டாக வந்தது. ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பிசைந்தேன். வழுக்கியது. நான் காய்ச்சியது சவர்க்காரம்.

கொழுப்பும் காஸ்டிக் சோடா மாதிரிக் காரமும் சேர்ந்தால் சவர்க்காரம்தான். ஆனால் இங்கே போர் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து நிறைய. அதோடு சேரும் சவர்க்காரம் நுரைக்காது, கரையாது, கல்லாகக் குழாயில் ஒட்டும். கொதிநீர் ஊற்றினாலும் இதே கதைதான்: உருகின கொழுப்பு பத்தடி தள்ளிப்போய் ஆறி உறையும். லண்டன் வொயிட்சாப்பல் பக்கம் 2017ல் பாதாளச் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்கு இப்படி ஒரு கட்டி கண்டுபிடித்தார்கள், எடை 130 டன். செய்தியில் படித்தபோது அந்த டீக்கடை அக்காவின் வாசல்தான் கண்ணுக்கு வந்தது. என் வேலையை எளிதாக்க அடுத்தவர் வாசலுக்குத் தள்ளியது தப்பு. அதற்குப் பிறகு காஸ்டிக் தொட்டதில்லை, ஆசிட் தொட்டதில்லை.

இப்போது என் கையில் இருக்கும் முக்கியமான சாமான் நாலடி நீளக் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் குழாய். சேம்பருக்குள் மெதுவாக அடிவரை இறக்கி, மேல் வாயைக் கட்டைவிரலால் மூடித் தூக்கினால் உள்ளே இருப்பது அப்படியே நிற்கும். மேலே வெண்ணெய் நிறத்தில் ஒரு பட்டை, நடுவே கலங்கல் தண்ணீர், கீழே கறுப்புச் சேறு. மேலும் கீழும் சேர்ந்து ஆழத்தில் கால் பங்கு வந்துவிட்டால் எடுத்தே ஆகவேண்டும், அதற்கு மேல் கொழுப்பு தாண்டிப் போக ஆரம்பிக்கும். முதலாளிகளிடம் வாதாடுவதை விட்டுவிட்டேன், குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிவிடுவேன்.

வேலையை அடுப்பு மூட்டுவதற்கு முன், விடிகாலையில் வைத்துக்கொள்வேன். இரவெல்லாம் ஆறின கொழுப்பு கெட்டியாக இருக்கும், ஓட்டைக் கரண்டியில் அடை மாதிரி வரும். மார்கழி எனக்கு நல்ல மாதம். கத்திரி வெயிலில் வேலூர் சேம்பர்களில் பாதி உறையவே உறையாது, எண்ணெயாகவே அலைந்து வழுக்கிப் போகும், அதனால் சித்திரை வைகாசியில் இரண்டு மடங்கு தடவை போவேன். எடுத்ததை உமியிலோ மரத்தூளிலோ பிரட்டி வடிய விட வேண்டும். தடுப்பையும் டீ குழாயையும் சுரண்டிவிட்டு, கடைசியில் சேம்பரை நல்ல தண்ணீரால் நிரப்பியே மூட வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. காலித் தொட்டியில் விழும் முதல் தேக்சா கழுவின தண்ணீர், கொழுப்போடு நேராக வெளியே போய்விடும்.

ஒவ்வொரு சமையலுக்கும் சேம்பர் வேறு. ஆம்பூர் பிரியாணிக்கு சீரகச் சம்பாவை அரை வேக்காட்டில் வடிப்பார்கள். அந்தக் கஞ்சி ஆட்டுக் கொழுப்போடு சேர்ந்தால் பசை. கஞ்சியைத் தனியாக வடித்து மாட்டுக்குக் கொடுங்கள் என்று மாஸ்டர்களிடம் கெஞ்சுவேன், சிலர் கேட்டார்கள். வங்காளத்து நோயாளிகளுக்காக மீன் சமைக்கும் மெஸ்களில் கடுகெண்ணெய். அது வேலூர்க் குளிருக்கு உறையாது, மஞ்சள் படலமாக மிதக்கும், அடியில் செதில் செதிலாக. அங்கே கரண்டி உதவாது, குவளையால் மேலாக மொள்ள வேண்டும். பொரித்த எண்ணெயை மட்டும் எங்கேயும் சிங்கில் ஊற்ற விடமாட்டேன். திரும்பத் திரும்பப் பொரிக்கும்போது எண்ணெயில் கூடும் துருவச் சேர்மம் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்று 2018லிருந்து விதி. அந்த எண்ணெய் பயோடீசலுக்குப் போகிறது.

ஒரு காரியத்துக்கு மட்டும் இதுவரை ஒத்துக்கொண்டதில்லை. பெரிய மண்டபம் ஒன்றில் ஆளுயரச் சேம்பர். "இறங்கி அள்ளிடு தம்பி, அஞ்சு நிமிஷ வேல" என்றார் மேனேஜர். மாட்டேன் என்றேன். "சிலோன்காரனுக்கு இவ்ளோ ராங்கியா" என்று வேறு இரண்டு பையன்களைக் கூப்பிடப் போனார். நான் மூடியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே அழுகின முட்டை வாடை அடிக்கும். அந்த வாயு கூடினால் மூக்கு மரத்துப்போகும், வாடை போய்விட்டதென்று நினைக்கும் நேரத்தில்தான் ஆள் விழுவான். சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பு இல்லாமல் மனிதரை இறக்கக் கூடாது என்று 2013ல் சட்டமே வந்திருக்கிறது. ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி 31 அதிகாலை, தோல் கழிவுநீர்த் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எங்களைப்போல ஊர் விட்டு வந்தவர்கள். மேனேஜர் கூப்பிடப் போன பையன்களில் ஒருவன் எங்கள் முகாம். லாரி வரவழைத்து உறிஞ்சும்வரை நான் எழுந்திருக்கவில்லை.

எங்கள் மேல்மொணவூர் முகாமில் புது வீடுகளுக்கு 2021 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள், 2023 செப்டம்பரில் திறந்தார்கள். எங்களுக்கும் ஒன்று. குடியுரிமை இன்னும் இல்லை. ஆனால் சமையல்கட்டில் குழாயும் தொட்டியும் இருக்கிறது. முதல் நாள் அம்மா மீன் பொரித்த சட்டியைக் குழாயடியில் பிடிக்கப் போனார். நான் கையைப் பிடித்தேன். "ஏன் மோனே?" என்றார். பழைய பேப்பரை எடுத்துச் சட்டியைத் துடைத்துக் காட்டினேன். இப்போது அவரே துடைக்கிறார். பேப்பர் இல்லாவிட்டால் என்னைக் கடைக்கு அனுப்புகிறார், "வரயிக்க சவர்க்காரமும் வாங்கிக்கொண்டு வா" என்று.