‘கண்மண் தெரியாமல் ஓட்டினார்’ என்று எழுதினால் மனு நிற்காது

பஸ், லாரி ஓட்டுநர்கள் மேல் எழுதப்படும் புகார்களில் பெரும்பாலானவை ஒரே வாக்கியத்தில் விழுந்துவிடுகின்றன: ‘வண்டி அதிவேகமாக, கண்மண் தெரியாமல் வந்தது.’ எழுதியவருக்குப் படபடப்பு அடங்கியிருக்காது, அது புரிகிறது. ஆனால் மனுவைக் கையில் வாங்கும் ஆய்வாளரோ கிளை மேலாளரோ அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? எத்தனை கிலோமீட்டர் வேகம் என்று கேட்டால் நம்மிடம் வேகமானி கிடையாது. ‘நாற்பதில்தான் வந்தேன்’ என்று ஓட்டுநர் ஒரு வரி விளக்கம் எழுதிக் கொடுத்தால் கோப்பு மூடப்பட்டுவிடும்.

ஆகவே வேகத்தை விட்டுவிட்டு, ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லக்கூடிய செயலை எழுத வேண்டும். சிவப்பு விளக்கைத் தாண்டினாரா? எதிர்த்தடத்தில் ஏறி முந்தினாரா? ஒருவழிப் பாதையில் எதிராக வந்தாரா? கையில் செல்போன் இருந்ததா? 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு இவற்றைப் பெயர் சொல்லியே அபாயகரமான ஓட்டுதல் என்கிறது. முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆனால் தொழில்முறை ஓட்டுநருக்கு உறைப்பது அபராதம் அல்ல, உரிமம் முடங்குவதுதான். உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015இல் மாநிலங்களுக்கு அனுப்பிய உத்தரவில், ஆறு குற்றங்களுக்குக் குறைந்தது 3 மாதம் உரிமத்தை நிறுத்திவைக்கச் சொன்னது: அதிவேகம், சிவப்பு விளக்கு மீறல், சரக்கு வண்டியில் அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், ஓட்டும்போது செல்போன். நீங்கள் பார்த்தது இந்த ஆறில் ஒன்றாக இருந்தால் அதை மனுவின் முதல் வரியில் வையுங்கள்.

நிற்கிற மனு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி:

“12.3.2025, புதன், காலை 8.42. ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் செல்லும் திசை. அரசு மருத்துவமனை எதிரே உள்ள சிக்னல். சிவப்பு விழுந்து, குறுக்குச் சாலை வண்டிகள் நகரத் தொடங்கிய பின், இன்ன பதிவெண் கொண்ட தனியார் நகரப் பேருந்து, நின்றிருந்த இரண்டு கார்களின் வலப்புறம் எதிர்த்தடத்தில் ஏறி, நிறுத்தக் கோட்டைத் தாண்டிச் சென்றது. முன்படியில் நான்கு பேர் நின்றிருந்தனர். கதவு திறந்திருந்தது. 38 விநாடி வீடியோ இணைப்பு.”

இதில் ‘அராஜகம்’ இல்லை, ‘எமன்’ இல்லை. ஓட்டுநர் மறுக்க வேண்டுமானால் ஒவ்வொரு வரியாக மறுக்க வேண்டும்.

அடுத்த வேலை, வண்டி யாருடையது என்று பார்ப்பது. மனு தவறான மேசைக்குப் போய்த் திரும்பி வருவதிலேயே பாதி நாள் போகிறது. தமிழ்நாட்டில் பதிவெண்ணின் நடு எழுத்து ‘என்’ ஆகவோ, ‘ஏஎன்’ போல ‘என்’னில் முடிவதாகவோ இருந்தால் அது அரசுப் போக்குவரத்துக் கழகத்துப் பஸ். ‘ஜி’ என்றால் வேறு அரசுத் துறை வண்டி. மற்றவற்றுக்கு எம்-பரிவாகன் செயலியில் பதிவெண்ணைப் போட்டால் உரிமையாளர் பெயர் பாதி மறைந்து வரும்; ஆனால் எந்த ஆர்டிஓ அலுவலகம், எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் தெரியும். எஃப்சியோ இன்சூரன்ஸோ காலாவதியாகியிருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. அதை அந்தத் திரையின் படத்தோடு முதலில் எழுதுங்கள். அதற்குச் சாட்சியே தேவையில்லை.

அரசுப் பஸ் என்றால் 1800 599 1500, சென்னை மாநகரப் பஸ் என்றால் 149. போனோடு விட்டுவிடாமல் புகார் எண் கேட்டு வாங்கிக்கொண்டு, அதே விவரத்தைக் கழகத்தின் மேலாண் இயக்குநருக்கும் மின்னஞ்சல் செய்வது நல்லது. நீங்கள் பயணியாக உள்ளே இருந்திருந்தால் டிக்கெட்டைக் கிழித்துப் போடாதீர்கள். பதிவெண் தெரியாவிட்டாலும், டிக்கெட்டில் உள்ள தேதி, நேர விவரத்தையும் தடத்தையும் வைத்து அன்றைக்கு எந்த வண்டி, யார் டூட்டி என்று பணிமனையில் எடுத்துவிடுவார்கள். டிக்கெட் இயந்திரத் தாள் வெயிலில் மங்கிவிடும், அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். பணிமனைக்குப் போன புகார் மெமோவாக மாறும். அதற்கு விளக்கம், பிறகு விசாரணை, நிரூபணமானால் ஊதிய உயர்வு நிறுத்தம் வரை போகும்.

இங்கே ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். சில தடங்களில் குற்றவாளி ஓட்டுநர் அல்ல, ‘ரன்னிங் டைம்’, அதாவது ஒரு நடைக்குக் கழகம் ஒதுக்கும் நேரம். பாலம் வேலை நடக்கிற சாலையில் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டு ஓட்டச் சொன்னால் அவர் எங்கே போய் அந்தப் பத்து நிமிடத்தைப் பிடிப்பார்? அப்படித் தோன்றினால், ஓட்டுநரின் பெயரை இழுக்காமல், இந்தத் தடத்துக்கு இந்த நேரம் போதவில்லை என்று பொது மேலாளருக்குத் தனி மனு எழுதலாம். ஒரே மனுவில் இரண்டையும் கலந்தால் முதலாவது செத்துவிடும்.

தனியார் நகரப் பஸ் வேறு கதை. கோவை, சேலம், ஈரோடு பக்கம் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முன்னால் போகிறவர் ஆள் சேர்க்க உருட்டிக்கொண்டே போவார். பின்னால் வருகிறவர் நெருங்கியதும் பறப்பார். வசூலைப் பொறுத்து ஓட்டுநருக்குப் படிக்காசு கிடைக்கும் வரை இது நிற்காது. இதற்கு டிராஃபிக் போலீஸை விட ஆர்டிஓ அலுவலகமே சரியான இடம். காரணம், அந்தப் பஸ்ஸின் பெர்மிட்டோடு எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு என்ற கால அட்டவணையும் சேர்ந்து வருகிறது. அதை மீறினால் பெர்மிட் நிபந்தனை மீறல். மோட்டார் வாகனச் சட்டம் 86ஆம் பிரிவின்படி பெர்மிட்டைத் தற்காலிகமாக நிறுத்தவோ ரத்து செய்யவோ வழியிருக்கிறது. முதலாளி பயப்படுவது இதற்குத்தான்.

அட்டவணையை ஆர்டிஓ அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கலாம். பிறகு இரண்டு நிறுத்தங்களில் நிறுத்தத்துக்கு ஒருவராக நின்று, ஐந்து வேலைநாள், அதே பஸ் வந்த நேரத்தைக் குறித்தால் போதும். ஒரு கணக்கைப் பாருங்கள். 9 கிலோமீட்டருக்கு அட்டவணை 30 நிமிடம் தருகிறது. பஸ் 17 நிமிடத்தில் வந்துவிட்டது. சராசரி மணிக்கு 32 கிலோமீட்டர்தானே என்று தோன்றும். நடுவில் 14 நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் 20 விநாடி நின்றிருந்தால் கிட்டத்தட்ட 5 நிமிடம் போய்விட்டது. மீதி 12 நிமிடச் சொச்சத்தில் 9 கிலோமீட்டர் என்றால் ஓடும்போது சராசரியே 44. சிக்னலும் பள்ளிக்கூடமும் உள்ள சாலையில் சராசரி 44 வர வேண்டுமானால், இடையில் எவ்வளவு தொட்டிருக்க வேண்டும், அல்லது எத்தனை நிறுத்தத்தில் நிற்காமல் வந்திருக்க வேண்டும்! வேகமானி இல்லாமலே வேகத்தைக் காட்டும் ஒரே வழி இது. பெர்மிட் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் இருப்பதால், திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் நீங்கள் குறித்த இந்த நேரக் கணக்கை ஒரு பக்கத் தாளாகக் கொடுத்து மனு எண் வாங்குங்கள்.

ஆம்னி பஸ்ஸுக்கு 1800 425 6151 இருக்கிறது. பெரும்பாலும் கட்டணக் கொள்ளைக்குக் கூப்பிடுகிற எண் என்றாலும் போக்குவரத்துத் துறையினுடையதுதான். வெளிமாநிலப் பதிவு ஆம்னிகள் தமிழ்நாட்டுக்குள் ஓடுவதை நிறுத்தச் சொல்லி 2024 ஜூனில் துறை கெடு விதித்தது. அதற்குப் பிறகும் நாகாலாந்துப் பலகையோடு ஒன்று கண்ணில் பட்டால், நாகாலாந்துக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். குற்றம் நடந்த இடத்து ஆர்டிஓவுக்கே எழுதுங்கள்.

லாரியில் முதல் தொல்லை எண் பலகை. டிப்பர்களின் பின்பலகை சேறு பூசியோ மேல்நோக்கி வளைந்தோ இருக்கும், சிலவற்றில் தார்ப்பாய்க் கயிறு எண்ணின் மேலேயே தொங்கும். பின்னால் துரத்திப் படம் எடுக்க முயலாதீர்கள். சரக்கு வண்டிகளில் கேபின் பக்கவாட்டிலும் எண் எழுதியிருக்கும், அடுத்த சிக்னலில் அது கிடைக்கும். கண்டெய்னர் ட்ரெய்லரில் இன்னொரு சிக்கல்: இழுக்கும் வண்டிக்கு ஒரு பதிவெண், இழுபடும் ட்ரெய்லருக்கு வேறு பதிவெண், கண்டெய்னர் பெட்டிக்கு மூன்றாவதாக ஓர் எண். பெட்டி எண்ணைக் குறித்து அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். ஓட்டுநரைப் பிடிக்க வேண்டுமானால் கேபின் எண்தான் வேண்டும்.

அதிக பாரத்துக்குச் சட்டப்படி 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் உண்டு. ஆனால் பாரம் கண்ணுக்குத் தெரியாது, எடை மேடைக்குத்தான் தெரியும். எனவே எம்-சாண்ட், ஜல்லி டிப்பர்கள் விஷயத்தில் ஒரு நாள் வீடியோ அனுப்புவதை விட, ‘காலை 6 முதல் 8 மணி வரை, இந்தக் குவாரி சாலையும் நெடுஞ்சாலையும் சேரும் முனையில், பாடிக்கு மேல் குவித்து, தார்ப்பாய் இல்லாமல்’ என்று இடமும் நேரமும் எழுதினால், பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) அங்கே வந்து நிற்க முடியும். கனிமம் ஏற்றும் வண்டிக்கு நடைச்சீட்டு (கொண்டுசெல்லும் அனுமதி) வேண்டும் என்பதால் கனிமவளத் துறை உதவி இயக்குநருக்கும் ஒரு நகல் போகட்டும்.

டேங்கர்களில்தான் வேலை சுலபம். பெட்ரோல், எரிவாயு, அமிலம் ஏற்றும் வண்டியில் ஆபத்துக்கால விவரப் பலகை இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 134 சொல்கிறது; சரக்கை அனுப்பியவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அதில் இருக்கும். அந்த எண்ணுக்குப் பேசுங்கள். எண்ணெய் நிறுவனங்கள் தங்களுக்கு ஓடும் லாரிகளுக்கென்று தனி ஒழுங்கு விதிகள் வைத்திருக்கின்றன. மீறினால் லோடு கிடைக்காது. நாலு லோடு போவது நாலு அபராதத்தை விடக் கனமானது.

ஆதாரம் எடுக்கும்போது ஓட்டிக்கொண்டே செல்போனைத் தூக்கினால் அதே 184ஆம் பிரிவில் நீங்களும் வருவீர்கள், அந்த வீடியோவே அதற்குச் சாட்சி. பின்சீட்டில் இருப்பவர் எடுக்கலாம், அல்லது டேஷ்கேம், அதாவது வண்டியின் முன்பக்கம் பொருத்திய கேமரா. டேஷ்கேமில் அடிக்கடி நடக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, தேதி நேரம் சரிசெய்யாமல் விடுவது. 2025இல் நடந்ததற்கு 2019 என்று ஓரத்தில் விழுந்திருந்தால் எதிர்த்தரப்புக்கு அது போதும். இரண்டு, சுழற்சிப் பதிவு. கார்டு நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதிவிடும். எனவே அன்று மாலையே கோப்பை எடுத்து வைத்துவிட வேண்டும். வெட்டாதீர்கள், வட்டம் போடாதீர்கள், பாட்டு சேர்க்கவே சேர்க்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கி எண் பலகை குழம்பிவிடும். ‘டாக்குமெண்ட்’டாக அனுப்பினால் அப்படியே போகும். விஷயம் நீதிமன்றம் வரை போனால், பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவின்படி மின்னணுச் சான்றிதழ் கேட்பார்கள். அப்போது அந்த மூலக் கோப்பும் அதை எடுத்த கருவியும் கையில் இருக்க வேண்டும்.

இடத்தை எழுதும்போது ‘வண்டலூர் அருகே’ போதாது. வண்டலூர் சென்னைக் காவல் ஆணையரகத்தில் இல்லை, 2022 முதல் தாம்பரம் ஆணையரகம். சென்னை டிராஃபிக்குக்கு அனுப்பினால் சுற்றி வரும். நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல் எண்ணும், எந்தப் பக்கம் போகும் பாதை என்பதும் வேண்டும். சுங்கச்சாவடி பக்கத்தில் இருந்தால் அதன் பெயரையும் கடந்த நேரத்தையும் சேருங்கள், அங்கே கேமரா இருக்கிறது.

வண்டி அந்த நிமிடமே தள்ளாடிக்கொண்டு போகிறது, ஓட்டுநர் தூங்கி வழிகிறார் அல்லது குடித்திருக்கிறார் என்றால் இதெல்லாம் பிறகு. முதலில் 112. தேசிய நெடுஞ்சாலையில் நெடுஞ்சாலை ஆணையத்தின் உதவி எண் 1033க்கும் சொல்லலாம். ரோந்து வண்டி வரும், ஆனால் வழக்குப் போட அவர்களுக்கு அதிகாரமில்லை. அதனால் 112ஐத் தவிர்க்கக் கூடாது.

முகநூலில் ஓட்டுநர் முகத்தைப் போட்டுத் திட்டுவது பற்றி: வேண்டாம். ஒரே பஸ்ஸைக் காலையில் ஒருவரும் மாலையில் ஒருவரும் ஓட்டுகிறார்கள், ஆள் மாறிப்போனால் அவதூறு உங்கள் தலையில். அன்று யார் ஓட்டினார் என்று உரிமையாளரிடம் கேட்க மோட்டார் வாகனச் சட்டம் 133ஆம் பிரிவில் அதிகாரிக்கு உரிமை இருக்கிறது. நமக்கு எண்ணும் நேரமும் போதும்.

முதல்வரின் முகவரி என்ற அரசுக் குறைதீர்ப்புப் பிரிவு, அதன் உதவி எண் 1100 வழியாகப் போகும் மனுக்கள் துறை வாரியாகப் பிரிகின்றன. தலைப்பில் ‘பேருந்து’ என்று மட்டும் எழுதினால் தனியார் பஸ் புகார்கூட அரசுக் கழகத்துக்குப் போய், ‘எங்கள் வண்டி அல்ல’ என்ற பதிலோடு முடிந்துவிடும். ‘தனியார் பேருந்து, பெர்மிட் நிபந்தனை மீறல், இன்ன ஆர்டிஓ’ என்று தலைப்பிலேயே இருக்கட்டும். ஒரு மாதமாகியும் பதில் இல்லையென்றால், அந்த மனு எண்ணைக் குறிப்பிட்டு, எடுத்த நடவடிக்கையின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். ஓட்டுநரின் முகவரி, பழைய தண்டனைகள் என்று கேட்டால் தனிநபர் விவரம் என்று மறுப்பார்கள். கேட்பது உங்கள் மனுவின் நிலை மட்டும் என்றால் மறுக்க இடமில்லை.

விசாரணை வைத்துவிட்டால் உங்களையும் கூப்பிடுவார்கள், பெரும்பாலும் வேலைநாள் காலையில். பெயரில்லாத புகார்கள் அங்கேயே நின்றுபோகும், பெயர் கொடுத்துவிட்டு வராமல் போனவர்களுடையதும் அப்படித்தான். போகும்போது மூலக் கோப்பு உள்ள பென்டிரைவ், டிக்கெட்டின் போட்டோ, மனுவின் நகல் இருக்கட்டும். ஓட்டுநர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். ‘எவ்வளவு வேகம் சார்?’ என்று யாராவது கேட்டால், ‘அது தெரியாது, சிவப்பு விழுந்த பிறகு கோட்டைத் தாண்டியது தெரியும்’ என்று சொல்லிவிட்டு வீடியோவைப் போடச் சொல்லுங்கள்.